சிறுதேர் செல்லும் வழி: சிறாரின் ஆடுகளமும் ஓர் அறவினாவும்

சிறார் எங்கு ஓடுகின்றனர், எங்கு ஏறுகின்றனர், எங்குக் குதிக்கின்றனர் என்னும் வினா முதற்பார்வையில் உடற்கல்விக்கோ நகரமைப்பியலுக்கோ உரியதாகத் தோன்றும். இலக்கியம் பயில்வோர்க்கு அதில் வேலையில்லை எனக் கருதுவாரும் உளர். ஆயினும் பிள்ளைத்தமிழ் என்னும் ஓர் இலக்கிய வகையையே குழந்தையின் அசைவுகளைக் கொண்டு வகுத்த மரபினர் நாம். அவ்வினாவைப் பிற துறையினரிடம் முற்றிலும் விட்டுவிடுதல் நமக்குப் பொருந்தாது. வீட்டு வாயில், மாடிப்படி, தெருமுனை, பள்ளி முற்றம், நீர்த்துறை எனச் சிறாரின் உடல் நாள்தோறும் இயங்கும் இடங்களின் மீது அவர்களுக்கு உரிமை உண்டா? உண்டெனில் அவ்வுரிமை எதனடியாகப் பிறக்கிறது? இவ்விரண்டையும் தமிழிலக்கியச் சான்றுகளோடும் இன்றைய இந்திய நகர வாழ்வோடும் இணைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆய்வுக் கட்டுரைகளில் தன்கூற்று பெரிதும் விரும்பப்படுவதில்லை. எனினும் இவ்வினா எனக்கு நூலகத்தில் எழுந்ததன்று ஆதலின், எழுந்த இடத்தைக் கூறாமல் மேற்செல்லுதல் நேர்மையாகாது.

தில்லியில் நான் வாழும் குடியிருப்பு நான்கு மாடிக் கட்டடங்கள் சூழ்ந்த ஒரு சிறு முற்றத்தை உடையது. சில ஆண்டுகளுக்கு முன் அங்குப் பந்தாடிய சிறுவரால் தரைத்தள வீடொன்றின் சன்னல் கண்ணாடி உடைந்தது. மூத்த குடிமக்கள் சிலர் பிற்பகல் உறக்கம் கெடுவதாகவும் முறையிட்டனர். குடியிருப்போர் சங்கம் கூடி, முற்றத்தில் பந்தாடுதலைத் தடைசெய்து தீர்மானம் இயற்றியது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிய இரும்புப் பலகை ஒன்று நடப்பட்டது. அத்தீர்மானத்தில் கையொப்பமிட்டவருள் நானும் ஒருவன். தேர்வுத்தாள் திருத்தும் காலம் அது. அமைதி எனக்கும் தேவைப்பட்டது.

அவ்வாரமே முதுகலை வகுப்பில் கலித்தொகையின் ஐம்பத்தோராம் பாடலைப் பாடம் சொல்ல நேர்ந்தது. தெருவில் தாம் இழைத்த மணல் வீட்டைக் காலால் சிதைத்து, கூந்தல் மாலையைப் பறித்து, பந்தைக் கவர்ந்துகொண்டு ஓடிய சிறுவனைத் தலைவி தோழிக்கு நினைவூட்டும் பகுதி அது. கபிலர் அப்பாடலை நடத்திச் செல்லும் நாடகப் பாங்கை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த மாணவி ஒருவர் எழுந்து, “அந்தத் தெருவில் வண்டிகளே வராதா ஐயா? பெண்பிள்ளைகள் தெருவில் உட்கார்ந்து விளையாடினால் ஒருவரும் ஏதும் சொல்லமாட்டார்களா?” என்று வினவினார். வகுப்பு சிரித்தது. உரைகாரர் எவரும் அவ்வினாவை எழுப்பியதாக எனக்கு நினைவில்லை. விடை கூறாமல் அடுத்த அடிக்குச் சென்றேன்.

அசைவும் ஆட்டமும்

விளையாட்டு என்பதைத் தமிழ் மரபு எவ்வாறு பொருள்கொண்டது என்பதை முதற்கண் காணுதல் வேண்டும். தொல்காப்பிய உரியியல் கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களையும் விளையாட்டு என்னும் பொருளுக்கு உரியனவாகக் காட்டுகிறது. மெய்ப்பாட்டியலோ உவகை தோன்றும் நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு ஆகிய நான்கினைக் கூறி, அவ்வுவகையை அல்லலின் நீங்கியது என அடைகொடுத்துச் சிறப்பிக்கிறது. செல்வத்தையும் கல்வியையும் காதலையும் ஒத்த ஒரு தனி நிலைக்களனாக விளையாட்டு வைக்கப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது. பிறிதொன்றற்கு அது கருவி எனத் தொல்காப்பியர் கூறினாரல்லர்.

இதனைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் மேலும் தெளிவாக்குகிறது. தச்சன் செய்துதந்த சிறு குதிரைத் தேரில் சிறுவர் ஏறிச் செல்லவியலாது; ஆயினும் அதனைக் கையால் இழுத்துச் செல்லுதலிலேயே அவர்கள் இன்புறுகின்றனர் என்பது தும்பிசேர்கீரனார் காட்டும் உவமை. தோழி இதனைக் கூறும் சூழல் வேறு. ஆயினும் உவமையினுள் விளையாட்டைப் பற்றிய ஒரு தத்துவமே அடங்கியுள்ளது எனலாம். ஏறுதற்கும் ஊர் சேர்தற்கும் பயன்படாத தேர் அது. இழுத்தலே அதன் பயன்.

பிரம்மசூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்து முதற்பாதத்தில், குறையேதும் இல்லாத இறைவன் உலகைப் படைத்தற்குக் காரணம் யாது என்னும் தடைக்கு, உலகியலிற் காணும் விளையாட்டைப் போன்றது அது என்று விடை கூறப்படுகிறது. கம்பரும் தம் காப்பியத் தொடக்கத்தில் முத்தொழிலையும் முடிவில்லாத விளையாட்டாகவே காண்கிறார். மதுரை இறைவனின் செயல்களுக்குத் திருவிளையாடல் என்றே பெயர். வடமொழி மரபும் தமிழ் மரபும் இங்கு ஒத்துச் செல்கின்றன. பயன் கருதாச் செயலை இறைமையின் இயல்பாகவே வைத்துப் போற்றிய இந்நாட்டில், ஒரு சிறுவன் காரணமின்றி மதிற்சுவரில் நடந்தால், “என்ன வேலை உனக்கு அங்கே?” என்னும் கேள்வியே முதலில் எழுகிறது.

எண்ணிக்கை காட்டுவதும் மறைப்பதும்

இக்காலத்தில் சிறாரின் உடலியக்கம் பெரிதும் மருத்துவ மொழியிலேயே பேசப்படுகிறது. ஐந்து முதல் பதினேழு அகவையினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் ஓரளவு கடுமையான உடலியக்கத்தில் ஈடுபடுதல் வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. அந்நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 146 நாடுகளின் பள்ளி மாணவரிடையே பெற்ற தரவுகளைத் தொகுத்து 2019ஆம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆய்வினை வெளியிட்டனர். 2016ஆம் ஆண்டு நிலவரப்படி, 11 முதல் 17 அகவையினருள் 81 விழுக்காட்டினர் அவ்வளவை எட்டவில்லை என்பது அதன் முடிபு. இந்தியச் சிறுவருள் எட்டாதவர் 72 விழுக்காட்டினர். பிற நாடுகளோடு ஒப்பிட இது குறைவே. சிறுமியருள்ளும் வங்கதேசமும் இந்தியாவுமே குறைந்த விழுக்காட்டைக் காட்டின.

இதற்கு அவ்வாய்வாளர் கூறிய விளக்கமே நம் கவனத்துக்குரியது. சிறுவரின் இயக்கத்துக்குக் காரணம், கிரிக்கெட் போன்ற ஆட்டங்கள் தெருக்களிலும் திடல்களிலும் கட்டுப்பாடின்றி ஆடப்படுதலாக இருக்கலாம் என்றனர். சிறுமியரின் இயக்கத்துக்குக் காரணம், அவர்கள்மேல் சுமத்தப்படும் வீட்டு வேலைகளாக இருக்கலாம் என்றனர்.

ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்கள் இவை. ஒன்று பந்தின் பின்னே ஓடியதால் வந்தது. மற்றொன்று குடத்தைச் சுமந்ததால் வந்தது. இதயத்துடிப்பை அளக்கும் கருவிக்கு இவ்விரண்டிற்கும் வேறுபாடு தெரியாது. தெரிய வேண்டும் என்று அக்கருவியிடம் எதிர்பார்த்தலும் தவறு. ஆனால் அவ்வெண்களைக் கொண்டு “நம் குழந்தைகள் போதிய அளவு இயங்குகின்றனரா?” என்று மட்டும் கேட்டு நின்றுவிடுவோமாயின், பிழை கருவியினுடையதன்று.

எங்கள் குடியிருப்பில் பாத்திரம் துலக்கவும் தரை மெழுகவும் வரும் பெண்மணியோடு அவருடைய மகளும் வருவதுண்டு. பத்து அகவை இருக்கும். தில்லி அரசுப் பள்ளிகள் பலவற்றில் முற்பகல் சிறுமியர்க்கும் பிற்பகல் சிறுவர்க்கும் என இருமுறை வகுப்புகள் நடைபெறுகின்றன. ஆதலின் பிற்பகலில் அச்சிறுமிக்குப் பள்ளியில்லை. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில், கோடையில் மேல்தளத்துக்கு நீரேறாத நாட்களில், கீழிருந்து வாளியில் நீர் கொண்டு நான்கு மாடி ஏறுவாள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் அளவுகோலை அவள் என் பேரனைவிடப் பன்மடங்கு நிறைவு செய்பவள். என் பேரனுக்கு நாங்கள் மாதக் கட்டணம் செலுத்தி இறகுப்பந்துப் பயிற்சிக்கு அனுப்புகிறோம்.

உடல்நலம் ஒன்றே சிறாரின் ஆட்டத்துக்கு நியாயமாயின், அச்சிறுமிக்கு ஆடுகளம் தேவையில்லை என்னும் முடிவுக்கே வருதல் வேண்டும். இனி, நாட்டின் பெருமையும் பதக்கங்களும் நியாயமாகச் சொல்லப்படுகின்றன. 2018ஆம் ஆண்டு சனவரி இறுதியில் தில்லியில் முதல் கேலோ இந்தியா பள்ளி விளையாட்டுகள் தொடங்கின. திறனுடைய சிறாரைக் கண்டெடுத்து உதவித்தொகை அளிக்கும் அத்திட்டம் பலருக்கு வாழ்வளித்தது. அதனைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும் திறனே அளவுகோலாயின், மெல்ல ஓடும் பிள்ளைக்குத் திடலில் இடமில்லை. இவ்விரு நியாயங்களும் ஆட்டத்தைப் பிறிதொன்றற்குக் கருவியாக்குகின்றன. கருவி எதுவும் அதனினும் வசதியான வேறொன்று கிடைத்தவுடன் கைவிடப்படும். குறுந்தொகைத் தேரைக் கொண்டு நோக்கினால் மட்டுமே ஒவ்வொரு பிள்ளைக்கும் இழுத்துச் செல்ல வழி வேண்டும் என்று கூற இயலும்.

வேலைக்கும் ஆட்டத்துக்கும் இடையில்

இங்கு ஒரு தடையை எழுப்பிக்கொள்ளுதல் தேவை. வேலை வேறு, ஆட்டம் வேறு எனக் கோடு கிழித்தல் அத்துணை எளிதா? சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் மகளிரை நோக்குவோம். கிளி கடிதல் குடும்பத்தின் உணவுக்கான வேலை. ஆனால் பரணில் ஏறுதல், தட்டையும் குளிரும் ஒலித்தல், கவண் எறிதல், அருவியாடுதல், பூக்கொய்தல் எல்லாம் அவ்வேலையின் மடியிலேயே நிகழ்கின்றன. தினை கொய்யப்பட்டதும் என்ன நிகழ்கிறது? இற்செறிப்பு. தலைவியின் வருத்தம் வேலை முடிந்ததற்கன்று, வெளி முடிந்ததற்கு. காவல் என்னும் வேலை அவளுக்கு வெளியில் இருத்தற்கான அனுமதிச் சீட்டாக விளங்கியது.

இக்கண்ணோட்டத்தில், நீருக்கும் விறகுக்கும் நெடுந்தொலைவு நடக்கும் இந்தியச் சிறுமியரின் நிலையும் சிக்கலானதே. வீடுதோறும் குழாய்நீர் என்னும் நோக்குடன் 2019இல் தொடங்கிய சல் சீவன் திட்டம் அவர்தம் தலைச்சுமையை இறக்குமாயின் அதனைவிட நற்செயல் இல்லை. ஆனால் நீர்த்துறைக்குச் செல்லும் வழியே தோழியரோடு கூடிச் சிரிக்க வாய்த்த ஒரே வழியாக இருந்த சிறுமிக்கு, குழாய் வந்தபின் வெளியே செல்ல வேறு என்ன காரணம் கொடுக்கப்போகிறோம் என்பதையும் உடன் கேட்டாக வேண்டும். காரணமின்றி வெளியே செல்லும் உரிமையே சிறுமியர்க்கு மறுக்கப்பட்டு வந்துள்ளது. 2006ஆம் ஆண்டு பீகார் அரசு ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியபோது பள்ளி என்னும் காரணம் கிடைத்தது. கார்த்திக் முரளிதரனும் நிசித் பிரகாசும் மேற்கொண்ட ஆய்வு, அத்திட்டத்தால் உரிய அகவையில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் 32 விழுக்காடு பெருகினர் எனக் கண்டது. சேர்க்கையை எண்ணிவிடலாம். சாலையில் கூட்டமாக மிதிவண்டி ஓட்டிச் சென்ற பெண்பிள்ளைகள் அடைந்த உவகைக்கு எண்ணில்லை. புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழி மிதிவண்டி கற்ற பெண்கள் இதனை முன்னரே அறிந்திருந்தனர்.

ஆகவே செயலின் பெயரைக் கொண்டு வேலையெனவும் ஆட்டமெனவும் பிரித்தல் போதாது. அச்செயல் நிகழும் இடத்தில் பிள்ளை தன் விருப்பப்படி நிற்கவும், திரும்பவும், நிறுத்தவும் இயலுமா என்பதே பிரிக்கும் கோடு. நான்காம் மாடிக்கு வாளி தூக்கும் சிறுமி இடையில் நிற்கலாம். ஆனால் நிறுத்த இயலாது.

தொட்டில் முதல் தெரு வரை

பிள்ளைத்தமிழ்ப் பருவங்களை இட அடிப்படையில் நோக்கிய ஆய்வுகள் மிகுதியாக இல்லை. செங்கீரை நிகழ்வது தரையில் விரித்த துணியின்மீது. தால் தொட்டிலில். சப்பாணியும் முத்தமும் தாயின் கையெட்டும் எல்லையில். வாரானையில் குழந்தை முதன்முதலாகத் தாய்க்கு எதிரே, சில அடி தொலைவில் நிற்கிறது. ‘வருக’ என்றழைக்க ஓர் இடைவெளி அப்போதுதான் உண்டாகிறது. அம்புலியில் கூரையில்லா முற்றம் வந்துவிடுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களான சிற்றில், சிறுபறை, சிறுதேர் ஆகியன தெருவையும் ஊரையும் வேண்டுவன. உடலின் வளர்ச்சியை மாதக்கணக்கில் மட்டுமன்றி, இடத்தின் விரிவாலும் இவ்வகை அளக்கிறது.

பெண்பாலின் இறுதிப் பருவங்கள் நூல்தோறும் சிறிது வேறுபடினும், அம்மானை, நீராடல், ஊசல் என்பன பெருவழக்கு. சிறுதேர் முன்னோக்கிச் செல்வது. ஊசல் எத்துணை உயரம் சென்றாலும் புறப்பட்ட இடத்துக்கே மீள்வது. இதனைப் புலவர் எண்ணிச் செய்தனர் என்று நான் கூறவில்லை. ஆயினும் ஒரு முறை கண்ணிற் பட்டபின் இவ்வேறுபாட்டைக் காணாதிருத்தல் அரிது. நீராடல் ஒன்றே பெண்பிள்ளையை ஊருக்கு வெளியே ஆற்றுக்கு அழைத்துச் செல்கிறது.

பட்டினப்பாலையில் அகன்ற முற்றத்தில் மூன்றுருளைச் சிறுதேர் உருட்டும் சிறுவரின் வழியை மறிப்பது, காயும் உணவைக் கவரவந்த கோழியின்மீது மகளிர் வீசியெறிந்த காதணி. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வவளத்துக்குச் சான்றாகவே இப்பகுதி காட்டப்பெறும். இன்று படிக்கையில் வேறொன்றும் தோன்றுகிறது: அத்தேரின் வழியில் கிடந்த தடை ஒரு குழை மட்டுமே.

புறநானூற்றின் 243ஆம் பாடலில் தண்டூன்றிய முதியவர் ஒருவர் தம் இளமையை நினைக்கிறார். மணற்பாவைக்குப் பூச்சூட்டிய சிறுமியரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதையும், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையேறி, கரையிலுள்ளோர் வியக்க ஆழத்தில் குதித்து அடிமணலை அள்ளிவந்ததையும் கூறுகிறார். இருமலுக்கிடையே சில சொற்களே பேசவியலும் முதுமையில் அவர்முன் நிற்பன பெற்ற பொருளோ புகழோ அல்ல. ஒரு குளமும் ஒரு மரக்கிளையும். கரையில் நின்றோர் வியந்தனர் என்பதும் கருதத்தக்கது. பெரியோர் அங்கு இருந்தனர், கண்டனர், தடுக்கவில்லை. அக்குளத்தில் எத்தனை பிள்ளைகள் மீளாது போயினர் என்பதைப் பாடல் கூறாது. மீண்டவனே பாடியுள்ளான்.

பழந்தமிழ்த் தெரு எல்லாச் சிறார்க்கும் பொதுவாயிருந்தது என்று இச்சான்றுகளைக் கொண்டு கூறிவிடுதலும் கூடாது. பொன்னணிந்த காலினர் உருட்டிய தேரையே பட்டினப்பாலை காட்டுகிறது. கோவிலைச் சுற்றிய சாலைகளில் நடத்தற்கே 1924-25இல் வைக்கத்தில் போராட வேண்டியிருந்த நாடு இது. நடக்கவே இடமில்லாத பெற்றோரின் பிள்ளைகள் எங்கு ஓடியிருப்பர்? இழந்த பொற்காலத்தை நினைந்து ஏங்குதல் இக்கட்டுரையின் வேலையன்று.

திடல் யாருடையது

பம்பாய் எஸ்பிளனேடு திடலில் 1880களில் நிகழ்ந்த பூசல் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. அங்குப் பார்சி இளைஞரும் பிறரும் கிரிக்கெட் ஆடிவந்தனர். ஐரோப்பியர் அதே திடலில் குதிரையேறிப் போலோ ஆடினர். குதிரைக் குளம்புகள் ஆடுதரையைக் குத்திக் கிளறின. ஐரோப்பியர்க்குத் தமக்கெனத் தனி மன்றத் திடல் இருந்தது. அதில் பிறர் நுழையவியலாது. பொதுத்திடலோ இந்தியர்க்கு இருந்த ஒன்றே. இப்போராட்டத்தைப் பதிவு செய்து சாபூர்சி சொராப்சி 1897இல் நூலொன்று வெளியிட்டார். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இராமச்சந்திர குகா தம் கிரிக்கெட் வரலாற்று நூலில் அதனை மீட்டெடுத்துப் பரவலாக அறியச் செய்தார். அவ்விண்ணப்பங்களின் அடிப்படை வாதம் எளியது: உங்களுக்கு வேறிடம் உண்டு, எங்களுக்கு இல்லை.

இவ்வாதம் பெரியோர்க்கும் சிறார்க்கும் இடையிலும் பொருந்தும் என்பதே என் கருத்து. சட்டம் இதனை ஓரளவு ஏற்றுள்ளது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்பு விளையாட்டைக் குழந்தையின் உரிமையாகக் கூறுகிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய நிலத்தைத் தனியார் மருத்துவமனைக்கு அளித்தது செல்லாது என உச்சநீதிமன்றம் 1991இல் தீர்த்தது. நோயாளிக்கு மருத்துவமனையும் வேண்டுவதே. எனினும் அதற்கென இந்நிலத்தை எடுத்தலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை பள்ளிக்கு விளையாட்டுத் திடலைக் கட்டாயமாக்கியது. 2023இல் அரியானா வழக்கொன்றில் திடலின்றிப் பள்ளி இருத்தலாகாது என்று உச்சநீதிமன்றம் மீண்டும் வற்புறுத்த நேர்ந்தது. மீண்டும் வற்புறுத்த நேர்ந்தமையே நடப்பு நிலையைக் காட்டும்.

சட்டம் காப்பது பூங்காவையும் பள்ளித் திடலையும். அவை வேலியுள்ள, நேரம் குறித்த இடங்கள். பிள்ளையின் நாளில் பெரும்பகுதி கழியும் வீட்டு வாயிலும் தெருவும் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன. தில்லியில் பதிவுபெற்ற ஊர்திகளின் எண்ணிக்கை 2018ஆம் ஆண்டளவில் ஒரு கோடியைக் கடந்திருந்தது. தில்லிப் பெருந்திட்டம் 2021 திறந்தவெளியில் ஒரு மகிழுந்து நிற்க 23 சதுர மீட்டர் கணக்கிடுகிறது. கிரிக்கெட் ஆடுதரையின் நீளம் 20.12 மீட்டர், அகலம் 3.05 மீட்டர், ஏறத்தாழ 61 சதுர மீட்டர். மூன்று மகிழுந்துகள் நின்றால் ஓர் ஆடுதரை மறைந்துவிடும். எங்கள் முற்றத்தில் பதினொரு மகிழுந்துகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று என்னுடையது.

அச்சமும் உண்மையானதே. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். இத்தகைய சாலைக்குப் பிள்ளையைத் தனியே அனுப்பாத தாயை யார் குறைகூற இயலும்? ஆயினும் அச்சத்தின் விலையை யார் செலுத்துகின்றனர் என்பதையும் காணவேண்டும். இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் உடனாய்வாளரும் 1990இல் செய்த ஆய்வில், ஏழெட்டு அகவைச் சிறாருள் தனியே பள்ளிக்குச் சென்றோர் 1971இல் 80 விழுக்காடாயிருந்து 1990இல் 9 விழுக்காடாகச் சுருங்கியமை தெரியவந்தது. அதே காலத்தில் சாலையில் இறந்த சிறாரின் எண்ணிக்கையும் குறைந்தது. சாலைகள் பாதுகாப்பாயின என்று அரசு மகிழ்ந்தபோது, சாலையிலிருந்து பிள்ளைகள் அகற்றப்பட்டனர் என்பதே உண்மை என அவர்கள் வாதிட்டனர். ஊறு செய்வது ஊர்தி, ஒதுங்குவது பிள்ளை. தில்லியில் குளிர்காலத் தொடக்கத்தில் காற்று நஞ்சாகும் நாட்களிலும் இதுவே நிகழ்கிறது. புகையை எழுப்புவோர் பெரியோர். வீட்டினுள் அடைபடுவோர் சிறார். இற்செறிப்பு இப்போது இருபாலார்க்கும் ஆயிற்று.

குருகிராமில் 2013ஆம் ஆண்டு நவம்பரில் இராகிரி நாள் என்னும் பெயரில், ஞாயிறு காலையில் சில சாலைகளில் ஊர்திகளை நிறுத்திவைத்து மக்களை ஓடியாட விடும் முயற்சி தொடங்கியது. அடுத்த ஆண்டு தில்லி கன்னாட்டு வட்டத்துக்கும் வந்தது. பேரனோடு நானும் ஒரு முறை சென்றேன். அவன் நடுச்சாலையில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். சாலை நடுவில் படுக்க முடிகிறதே என்பதுதான் அவனுக்கு வியப்பு. அங்குச் செல்ல நாங்கள் மகிழுந்தில் பதினெட்டுக் கிலோமீட்டர் சென்றிருந்தோம்.

குறுகிய வட்டமும் பெரிய உரிமையும்

இனி, முற்றத்தில் உறங்க விரும்பிய முதியோரின் நியாயத்தைத் தள்ளிவிடலாகாது. அமைதியும் ஒரு தேவையே. விளையாட்டு அல்லலின் நீங்கிய உவகை என்னும் மெய்ப்பாட்டியல் அடையைப் பிறர்க்கு அல்லல் தாராமை என விரித்துப் பொருள்கொள்ளவும் இடமுண்டு. அவ்வாறாயின் கண்ணாடியை உடைக்கும் ஆட்டத்துக்கு இலக்கணமே துணை நில்லாது.

ஆனால் உரிமைகள் மோதும்போது, யாருக்கு வேறு வழி உண்டு என்று பார்த்தல் ஓர் அறமுறை. நாற்பது அகவையினர் ஒருவர் தமக்கு வேண்டியதை நகரின் எம்மூலையிலும் சென்று பெறலாம். எட்டு அகவைப் பிள்ளையின் உலகம் அதன் கால்கள் சென்று, விளக்கு வைக்குமுன் மீளும் தொலைவே. கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகள் இதனை உணர்ந்து, ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளி ஒரு கிலோமீட்டர் நடைத்தொலைவுக்குள் இருத்தல் வேண்டும் என்றன. கற்றலுக்குப் பொருந்துவது ஆட்டத்துக்கும் பொருந்தும். எவருடைய வட்டம் மிகக் குறுகியதோ, அவருக்கே அருகிலுள்ள இடத்தின்மேல் உரிமை மிகுதி. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் அரங்கம் கட்டியிருக்கிறோம் என்பது பிள்ளைக்கு விடையாகாது. அதனைச் சேர்தற்கு ஒரு பெரியவரின் ஓய்வும் ஊர்தியும் வேண்டும்.

இவ்வளவுகோலை வைத்து எங்கள் முற்றத்தை மீண்டும் நோக்கியபோது ஒன்று புலனாயிற்று. முழங்கால் வலியுள்ள முதியவரின் வட்டமும் குறுகியதே. தண்டூன்றிய புறநானூற்று முதியவரும் அவர் நினைவிலுள்ள சிறுவனும் ஒரே குளக்கரைக்கு உரியவர்கள். முற்றத்துக்காக மோதிக்கொண்ட இருசாராரும் அதைவிட்டால் வேறு இடமில்லாதவர்கள். நகரெங்கும் சென்றுவரும் எங்களைப் போன்றோரின் பதினொரு மகிழுந்துகளோ எவ்வழக்கிலும் பேசப்படாமல் முற்றத்தின் பெரும்பகுதியை நிறைத்து நின்றன. எஞ்சிய துண்டு நிலத்துக்கே கிழவரும் பிள்ளைகளும் வழக்காடினர். நாங்கள் நடுவராக இருந்து தீர்ப்பு எழுதினோம். பந்து கண்ணாடியில் பட்டதற்கும் ஆடுமிடம் சுவரோரம் வரை ஒடுங்கியமையே காரணம் என்பது அன்று எவர்க்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

கடந்த சங்கக் கூட்டத்தில், மாலை நான்கு முதல் ஆறரை வரை மகிழுந்துகளை வெளிச்சாலைக்கு அகற்றி முற்றத்தைத் திறந்துவிடலாம் என்று முன்மொழிந்தேன். முதியவர் இருவர் ஆதரித்தனர். அக்காற்றோட்டத்தில் தாங்களும் நாற்காலியிட்டு அமரலாம் என்றனர். ஊர்தியுடைய ஒன்பது பேர் எதிர்த்தனர். என் ஊர்தியை மட்டும் அந்நேரத்தில் வெளியே நிறுத்தி வருகிறேன். 23 சதுர மீட்டர் கிடைத்தது. பிள்ளைகள் அவ்விடத்தில் தடைப்பலகையின் கம்பத்தையே முளைக்குச்சியாகக் கொண்டு நெகிழிப்பந்தால் ஆடுகின்றனர்.

வாளி தூக்கும் சிறுமிக்கு இதனால் என்ன கிடைத்தது என்று என் மாணவி கேட்டார். இம்முறையும் என்னிடம் விடையில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் வாளியை இறக்கிவைத்து, சன்னல் வழியே ஓர் ஓவர் முடியும் வரை அவள் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவுவதைப் பிள்ளைக்குத் தடைசெய்யவில்லை. தாயின் நான்கு வீட்டு வேலை ஆறரைக்கு முடிகிறது. அதற்குள் முற்றத்தில் விளக்கு வைத்துவிடுகிறார்கள்.